கூட இருக்கிற ஆள்

என் வயிற்றில், வலது பக்கம், பழைய தையல் தழும்பை ஒட்டி ஒரு வீக்கம் இருந்தது. நின்றால் வெளியே வரும், படுத்தால் உள்ளே போய்விடும். இருமினால் எட்டிப் பார்க்கும். சிரித்தாலும் எட்டிப் பார்க்கும். அந்த வருடங்களில் நான் சிரித்தது குறைவு என்பதால் அந்தத் தொல்லை அதிகம் இல்லை. முதலில் எலுமிச்சம்பழ அளவு. பிறகு டீக்கடை பன் அளவு. மல்லாந்து படுத்து விரல்களால் மெதுவாக அழுத்தினால் 'களுக்' என்ற சத்தத்தோடு உள்ளே போகும். நான் குடியிருந்த ஒற்றை அறையில் என்னைத் தவிர அசைகிற ஜீவன் அது ஒன்றுதான். சில நாட்களில் அதைப் பார்த்து, "போ உள்ளே" என்று வாய்விட்டே அதட்டியிருக்கிறேன். பேசுவதற்கு வேறு யார் இருந்தார்கள்?

அப்போது உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஓர் எஸ்.டி.டி. பூத்தில் வேலை பார்த்தேன். செல்போன் எங்கள் பக்கம் எட்டிப் பார்க்காத காலம். வெளியூரில் இருக்கும் மகனிடமோ கணவனிடமோ பேச வேண்டும் என்றால் என்னிடம்தான் வர வேண்டும். நம்பரைத் துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுப்பார்கள். கண்ணாடிக் கூண்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வார்கள். மேலே சிவப்பு எண்கள் ஓடும். கதவைச் சாத்திவிட்டால் வெளியே கேட்காது என்பது அவர்களுடைய நம்பிக்கை. அந்தக் கூண்டின் கீழ்ப்பாதி மழையில் ஊறி உப்பிப்போன பிளைவுட். அதோடு, சவுதிக்குப் பேசுகிறவர்கள் போன் இல்லாமலே சவுதிக்குக் கேட்கிற மாதிரிதான் கத்துவார்கள்.

நான் பழைய வாரப்பத்திரிகையை விரித்து வைத்துக்கொண்டு தலையைக் குனிந்திருப்பேன். கண்ணைத் தாழ்த்தலாம், காதை எப்படித் தாழ்த்துவது? எந்த வீட்டுப் பெண் புருஷனோடு வாழாமல் திரும்பி வந்திருக்கிறாள், எந்தப் பிள்ளை பெங்களூரில் வேலையை விட்டதை அப்பாவிடம் சொல்லாமல் மறைக்கிறான், எல்லாம் எனக்குத் தெரியும். நான் யாரிடமும் வாயைத் திறந்ததில்லை. ஆனால் அவர்கள் அதை நம்பவில்லை. பூத்தில் "அக்கா, அக்கா" என்று உருகுகிறவர்கள், கடைத்தெருவில் என்னைப் பார்த்தால் வேறு பக்கம் திரும்பிக்கொள்வார்கள். என் முகத்தைப் பார்த்தால் தாங்கள் அழுத அழுகை அவர்களுக்கு ஞாபகம் வந்துவிடும் போலிருக்கிறது. எனக்குக் கோபமாகத்தான் இருக்கும். இத்தனை பேர் வீட்டு விஷயம் தெரிந்த எனக்கு, போய் உட்கார்ந்து ஒரு வாய் காப்பி குடிக்க ஒரு வீடு இல்லை.

வீக்கத்தின் கதை அதற்குச் சில வருடங்கள் முன்னால் ஆரம்பிக்கிறது. பூத்தில் சேர்ந்த புதிது. அப்போது அம்மா இருந்தாள். பாலாற்றை ஒட்டிய எங்கள் காலனியில் எல்லோரையும் போல அவளும் நடவுக்கும் களை எடுக்கவும் போகிறவள். ஒரு நாள் எனக்கு வயிற்றுவலி வந்து, சுக்குக் கஷாயத்துக்கும் அடங்காமல், சர்ச்சில் வேண்டிக்கொண்டதற்கும் அடங்காமல், கடைசியில் பெரிய ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். குடல்வால் வெடிக்கிற நிலையில் இருக்கிறது என்று அன்றைக்கே அறுத்து எடுத்துவிட்டார்கள். அங்கே இருந்த நாட்கள் முழுக்க அம்மா என் கட்டிலுக்கு அடியில் பாய் விரித்துப் படுத்திருந்தாள். நர்ஸ் வாசலில் நின்று, "இந்த பெட்டுக்குக் கூட யாரு?" என்று கேட்கிற சத்தம் முடிவதற்குள் அடியிலிருந்து, "நான் கீறேம்மா" என்று குரல் வரும். ஒரு தடவை அவசரத்தில் எழுந்து கட்டில் கம்பியில் தலையை இடித்துக்கொண்டாள்.

வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர், காயத்தில் ஈரம் படக்கூடாது, காற்று படட்டும் என்று தெளிவாகத்தான் சொன்னார். அது காலனியின் முதல் வீட்டைத் தாண்டி உள்ளே வரவில்லை. பார்க்க வந்த பெண்கள் என் வயிற்றைப் பார்த்துவிட்டுத் துடித்துப்போனார்கள். "இன்னாது, வவுத்தைக் கட்டாம வுட்டுக்கீறே? தொளதொளன்னு பூடும்டி" என்று அம்மாவைத் திட்டினார்கள். வயிறு என்றால் அவர்களுக்குப் பிள்ளை பெற்ற வயிறுதான். வேறு வயிற்றுக்கு வேறு வைத்தியம் என்பது அவர்களுக்குத் தெரியாது. அம்மா தன்னுடைய பழைய நூல் புடவையைக் கிழித்து, மஞ்சள் தண்ணீரில் நனைத்துப் பிழிந்து, பிள்ளை பெற்றவளுக்குக் கட்டுகிற மாதிரி மூச்சு முட்ட இறுக்கிக் கட்டினாள். அவள் கட்டியபோது எனக்குச் சுகமாகத்தான் இருந்தது. யாரோ இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருப்பது போல ஒரு தைரியம்.

கோடைக்காலம். கட்டுக்குள் வியர்த்து, புழுங்கி, தையலில் சீழ் வைத்துவிட்டது. இரண்டு இடத்தில் வாய் பிளந்தது. பிறகு சுகாதார நிலையத்துக்கு நடந்து நடந்து கட்டுப் போட்டுக்கொண்டு, காயம் ஆறுவதற்கு மழைக்காலம் வந்துவிட்டது. ஆறிய தழும்பு கோணிப்பை வாயைத் தைத்த மாதிரி அகலமாக இருந்தது. தாயும் பிள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேறு என்பார்கள். என் அம்மா அதை ஒருநாளும் ஒப்புக்கொண்டதில்லை. என் வயிற்றையும் அவள் வயிறு என்றே நினைத்துக் கட்டினாள். அதற்காக அவளை நான் ஒரு சொல் சொன்னதில்லை. இன்றைக்கும் சொல்ல மாட்டேன்.

காயம் ஆறுவதற்கு முன்பே பூத்துக்குத் திரும்பிவிட்டேன். முதலாளி நல்ல மாதிரிதான். ஆனால், "வேற ஒரு பொண்ணு வந்து கேட்டுக்கினு போச்சும்மா" என்று ஆள் மூலம் சொல்லி அனுப்பினார். அதற்கு மேல் படுத்துக்கிடக்க முடியுமா? பூத்தைத் திறப்பதுதான் அந்த வேலையிலேயே கஷ்டமானது. துருப்பிடித்த இரும்பு ஷட்டர். குந்தி உட்கார்ந்து, அடிப்பிடியில் இரண்டு கையையும் கொடுத்து, மூச்சைப் பிடித்து ஒரே எம்பாக எம்ப வேண்டும். பாதியில் நின்றால் தோளைக் கொடுத்து முட்ட வேண்டும். தினமும் காலையில் ஒரு தடவை திறப்பேன், ராத்திரி ஒரு தடவை இழுத்து மூடுவேன். தையல் போட்ட இடம் உள்ளுக்குள் நூல் நூலாக விட்டுக்கொண்டே வந்திருக்கிறது. எனக்கு அது தெரியாது.

அடுத்த வருடம் காய்ச்சலில் அம்மா போய்விட்டாள். அதன் பிறகுதான் அந்த வீக்கம் வெளியே தெரிந்தது. காலனி வீட்டைப் பூட்டிவிட்டு உத்திரமேரூரிலேயே ஓர் அறை எடுத்துக்கொண்டு வந்திருந்தேன். கல்யாணம் ஆகவில்லை; முதலில் கேட்டு வந்தவர்கள் ஆபரேஷன் ஆன உடம்பு என்று பின்வாங்கினார்கள், பிறகு கேட்டே யாரும் வரவில்லை. ஒரு நாள் குளிக்கும்போது சோப்பு போடுகிற கைக்கு அது தட்டுப்பட்டது. அம்மா இருந்திருந்தால் கூப்பிட்டுக் காட்டியிருப்பேன். வாய்வு என்று சொல்லிப் பூண்டு உரித்துக் கொடுத்திருப்பாள். அதனால் ஒன்றும் ஆகியிருக்காது. ஆனாலும் யாராவது ஒருத்தர் பார்த்து, "அட, இன்னாடி இது" என்று சொன்னால் பயம் பாதியாகும் இல்லையா?

கடைசியில் மருந்துக் கடைக்காரரிடம் கேட்டேன். வெட்கத்தை விட்டு, குடல் இறக்கமாக இருக்குமோ என்று நானே வியாதியின் பேரைச் சொன்னேன். அவர் பக்கத்தில் நின்றவரைப் பார்த்துச் சிரித்துவிட்டார்.

"குடல் எறக்கமா? அது ஆம்பளைங்க சமாச்சாரம்மா. மூட்டை தூக்கறவனுக்கு வரும். பூத்ல குந்திக்கினு கீறவங்களுக்கு எப்டி வரும்? ஒனக்கு கேஸ்."

கேஸுக்கு ரோஸ் கலரில் ஒரு மருந்து கொடுத்தார். அதை வருடக்கணக்கில் குடித்தேன். நான் குடிக்கக் குடிக்க அது வளர்ந்தது. பாவாடைக்குள், அம்மா கட்டியது போலவே புடவைத் துணியை மடித்துக் கட்டிக்கொண்டேன். பூத்தில் உட்கார்ந்திருக்கும்போது கவுன்டருக்குக் கீழே ஒரு கை எப்போதும் வயிற்றின் மேல் இருக்கும். மற்ற கையால்தான் நம்பர் போடுவேன்.

ஒரு சனிக்கிழமை காலை ஷட்டரை எம்பித் தூக்கினேன். அது வழக்கம்போல வெளியே வந்தது. ஆனால் இந்தத் தடவை உள்ளே போகவில்லை. கல் மாதிரி இறுகிவிட்டது. கூண்டுக்குள் ஒரு பெரியவர் தன் மகளோடு சீமந்தத்துக்கு நாள் குறிப்பதைப் பற்றிச் சந்தோஷமாகப் பேசிக்கொண்டிருந்தார். நான் கவுன்டருக்குப் பின்னால் தரையில் மல்லாந்து படுத்து, வாயில் முந்தானையைத் திணித்துக்கொண்டு அழுத்தினேன். வாந்தி வந்தது. பெரியவர் பேசி முடித்து வெளியே வந்து, ஆளைக் காணோமே என்று கவுன்டரைத் தட்டினார். தட்டிக்கொண்டே இருந்தார். எழுந்திருக்கவும் முடியவில்லை, குரல் கொடுக்கவும் முடியவில்லை. அவர் காசை வைத்துவிட்டுப் போன பிறகு, ரொம்ப நேரம் கழித்து, அது தானாகவே வழுக்கி உள்ளே போனது. இங்கேயே இப்படியே செத்திருந்தால் யார் வந்து பார்ப்பார்கள் என்று யோசித்தேன். அடுத்து போன் பேச வருகிறவர்தான்.

அன்றைக்கே டாக்டரிடம் போனேன். பஜாரில் கிளினிக் வைத்திருந்தவர். நிற்கவைத்து, "இருமுங்கம்மா" என்றார். இருமினேன். அவர் கையை வைத்துப் பார்த்தார். ஒரே இருமலில் தெரிந்துகொண்டுவிட்டார்.

"குடல்வால் எடுத்த எடத்துல உள் தசை சரியா கூடல. அந்தச் சந்துல குடல் வெளிய வருது. குடல் இறக்கம்தான்."

"அது ஆம்பளைங்களுக்குத்தானே வரும் சார்?"

"கிழிஞ்ச துணியைத் தைச்சா மறுபடி எங்க கிழியும்? தைச்ச எடத்துலதான். வேட்டியா புடவையான்னு பாத்தா கிழியும்?" என்று சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, "இன்னொரு தடவை இந்த மாதிரி மாட்டிக்கிச்சுன்னா குடல் அழுகிடும்மா. உயிருக்கு ஆபத்து. தள்ளிப் போடாதீங்க. பெரிய ஆஸ்பத்திரிக்குச் சீட்டு எழுதித் தர்றேன். கூட யார் இருக்காங்க?" என்றார்.

நான் புடவையைச் சரிசெய்துகொண்டேன். ஆபரேஷன் எனக்குப் பயமில்லை. அந்தக் கேள்விதான் பயம்.

ஆஸ்பத்திரியைப் பற்றித் தெரிந்தவர்களுக்கு அந்தக் கேள்வியின் கனம் தெரியும். கூட ஆள் இல்லாமல் அங்கே ஒன்றும் நடக்காது. ஆபரேஷனுக்குக் கையெழுத்துப் போட ஆள் வேண்டும். வெளியே மருந்து எழுதிக் கொடுத்தால் ஓட ஆள் வேண்டும். ஸ்ட்ரெச்சரின் ஒரு பக்கத்தைப் பிடித்துத் தள்ள, அறுத்த பிறகு எழுப்பி உட்காரவைக்க, சட்டியை எடுக்க ஆள் வேண்டும். அது அவர்கள் வைத்த சட்டம் என்றுகூடச் சொல்ல முடியாது. ஆளே இல்லாமல் ஒருத்தி வருவாள் என்று அங்கே யாரும் நினைத்துப் பார்த்ததில்லை, அவ்வளவுதான்.

எனக்கு இருந்தது ஒரே ஒரு அண்ணன். சென்னையில் கட்டட மேஸ்திரி. அம்மாவைப் புதைத்த பிறகு கிறிஸ்துமஸுக்கு ஒரு தடவை வந்தான், அப்புறம் அதுவும் நின்றுபோனது. அவன் வீட்டில் போன் கிடையாது. பக்கத்து மளிகைக் கடை நம்பர் ஒன்று இருந்தது. கடைக்காரர் ஆள் அனுப்பிக் கூட்டிவருவார். ஊருக்கெல்லாம் போன் போட்டுக் கொடுக்கிற நான், அன்றைக்கு எனக்காக நம்பரைச் சுழற்றிவிட்டுக் கூண்டுக்குள் போய் நின்றேன். கதவைச் சாத்திக்கொண்டேன். வெளியே யாரும் இல்லை, ஆனாலும் சாத்திக்கொண்டேன்.

"இன்னா பாப்பா, இப்டி கேக்கறே? நான் இல்லாம வேற யாரு கீறாங்க ஒனக்கு? நீ போய் சேரு. ஆபரேஷனுக்கு மொத நாளே நான் வந்துடுவேன்" என்றான். குரல் தழுதழுத்தது. எனக்கும்தான். தான் ஆடாவிட்டாலும் தன் சதை ஆடும் என்று பெரியவர்கள் சும்மாவா சொன்னார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

பெண்கள் வார்டில் ஜன்னலோரக் கட்டில் கிடைத்தது. பக்கத்துக் கட்டிலைப் பார்த்ததும் எனக்குத் திக்கென்றது. அதில் சர்க்கரையால் கால் புண்ணான ஒரு வயதான முஸ்லிம் அம்மாள் படுத்திருந்தாள். அவளுடைய காலைத் தன் மடியில் வைத்துத் துடைத்துக்கொண்டிருந்தவளை எனக்கு நன்றாகத் தெரியும். உத்திரமேரூரில் பாத்திரக் கடை வைத்திருக்கும் குடும்பத்து மருமகள். புருஷன் சவுதியில். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் கறுப்புப் பர்தாவோடு பூத்துக்கு வந்து, அவனிடம் தன் மாமியாரைப் பற்றிச் சொல்லி அழுவாள். "உங்கம்மா என்னை மலடின்னு சொல்றாங்க, நீங்க வூட்டுக்கு வந்தாதானே புள்ள பொறக்கும், இதை அவங்களுக்கு யாரு சொல்றது" என்று அவள் கத்தியது பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கேட்டிருக்கும். வாராவாரம் எந்த மாமியாரைப் பற்றி அழுதாளோ அந்த மாமியாரின் கால்தான் அவள் மடியில் இருந்தது.

என்னைப் பார்த்ததும் அவள் முகம் வெளுத்துவிட்டது. வாயைத் திறந்து ஏதாவது சொல்லிவிடுவேனோ என்ற பயம். கடைத்தெருவில் செய்கிறது போலவே ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். சரிதான், இங்கேயும் அதே கதைதானா என்று நான் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தேன்.

ஆபரேஷனுக்கு முதல் நாள் அண்ணன் வரவில்லை. காலையில் வருவான் என்று நர்ஸிடம் சொன்னேன். காலையிலும் வரவில்லை. வெறும் வயிற்றோடு, பச்சை அங்கி மாட்டி, கழுத்திலிருந்த சிலுவையைக் கழற்றித் தலையணைக்கு அடியில் வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தேன். ஸ்ட்ரெச்சர் வந்தது.

"கூட ஆள் எங்கம்மா?" என்றாள் நர்ஸ்.

"டீ குடிக்கப் போயிருக்காரு."

பொய் அவ்வளவு சுலபமாக வாயில் வந்தது. நர்ஸ் காத்திருந்தாள். வாட்ச்மேனை அனுப்பி டீக்கடையில் என் பெயரைச் சொல்லிக் கூப்பிடச் சொன்னாள். அவர் திரும்பி வந்து, "அப்டி யாரும் இல்லீங்க" என்று வார்டு முழுக்கக் கேட்கிற மாதிரி சொன்னார். நர்ஸ் திட்டவில்லை. திட்டியிருக்கலாம். "அடுத்த ஆபரேஷன் நாள்ல பாக்கலாம்மா, அதுக்குள்ள ஆளை வரச் சொல்லுங்க" என்று மெதுவாகச் சொல்லிவிட்டு, என் ஸ்ட்ரெச்சரில் வேறொருத்தியைப் படுக்கவைத்தாள். அந்தப் பெண்ணின் கூடவே மூன்று பேர் போனார்கள். ஒருத்தர் அவளுடைய செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு போனார்.

நான் பச்சை அங்கியோடு கட்டிலில் உட்கார்ந்திருந்தேன். எல்லாக் கட்டில்களிலிருந்தும் எல்லோரும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அண்ணனுக்குச் சதை ஆடவில்லை. எனக்குத்தான், வலது பக்கம், அழுகையை அடக்க அடக்க ஆடிக்கொண்டிருந்தது.

மத்தியானம் மாமியார் தூங்கிய பிறகு அந்தப் பாத்திரக் கடை மருமகள் என் கட்டில் ஓரத்தில் வந்து உட்கார்ந்தாள். அதுவரைக்கும் ஒரு வார்த்தை பேசாதவள்.

"யாரும் வர்லியாக்கா?"

"வருவாங்க."

"ஊருக்கே நம்பர் போட்டுக் குடுக்கறீங்களே. ஒங்களுக்குன்னு போட இன்னொரு நம்பர் இல்லியா?"

எனக்குச் சுருக்கென்றது. "இருந்தா இங்க ஏன் இப்டி உக்காந்துக்கினு கீறேன்? போ, போய் உன் மாமியாரைப் பாரு" என்றேன்.

அவள் எழுந்திருக்கவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டே சின்னக் குரலில் பேசினாள். "என் வூட்டுக் கதை முச்சூடும் ஒங்களுக்குத் தெரியும். நீங்க வந்ததும் நான் பயந்து பூட்டேன். அந்தக் கெய்வி ஒங்ககிட்டே பேச்சு குடுத்துக்கினே இருந்துச்சு, எங்க போட்டு ஒடைச்சிடுவீங்களோன்னு. நீங்க ஒண்ணும் சொல்லல. ஊர்லயும் ஒரு வார்த்தை வெளிய வர்ல, எனக்குத் தெரியும். என் கூடப் பொறந்தவகிட்ட சொல்லியிருந்தா இத்தினி நாளைக்கு டமாரம் அடிச்சிருப்பா."

 எத்தனையோ வருடமாக நான் வாயை மூடிக்கொண்டிருந்ததை ஒருத்தி கவனித்திருக்கிறாள் என்பதே எனக்குப் புதிதாக இருந்தது. அவள் என் பிளாஸ்கை எடுத்துக்கொண்டு போய் வெந்நீர் வாங்கி வந்து வைத்தாள். 

அடுத்த ஆபரேஷன் நாளும் வந்தது. மறுபடியும் பச்சை அங்கி, மறுபடியும் வெறும் வயிறு, மறுபடியும் வாசலில் ஸ்ட்ரெச்சர். மளிகைக் கடைக்கு ஆஸ்பத்திரி வாசல் பூத்திலிருந்து போன் போட்டிருந்தேன். அண்ணன் சைட்டில் இருக்கிறான், சொல்லிவிடுகிறேன் என்றார்கள். நர்ஸ் என்னைப் பார்த்தாள். டீ என்று சொல்ல இந்தத் தடவை எனக்கு வாய் வரவில்லை.

"கூட யாரு?"

"நான்தான்" என்றாள் பாத்திரக் கடை மருமகள்.

"நீ பக்கத்து பெட் அம்மா கூட இருக்கிற பொண்ணாச்சே?"

"ரெண்டு பேருக்கும் நான்தான்."

"இவங்களுக்கு என்ன ஒறவு?"

"தங்கச்சி."

நர்ஸ் கையிலிருந்த காகிதத்தில் என் கிறிஸ்தவப் பெயரைப் பார்த்தாள். பிறகு அவளுடைய பர்தாவைப் பார்த்தாள். "கூடப் பிறந்த தங்கச்சியா?"

"சின்னம்மா பொண்ணு" என்றாள் அவள், கண்ணைக்கூடச் சிமிட்டாமல்.

 அப்போது பக்கத்துக் கட்டிலிலிருந்து மாமியார் குரல் கொடுத்தாள்: "எழுதிக்கோம்மா. என் மருமவ வாய்ல பொய்யே வராது." மருமகளைப் பற்றி அந்த அம்மாள் வாயிலிருந்து நல்லதாக வந்த முதல் வார்த்தை அதுவாகத்தான் இருக்கும். நர்ஸ் சிரிப்பை உதட்டுக்குள் மடித்துக்கொண்டு பேனாவை நீட்டினாள். அவள் மடமடவென்று கையெழுத்துப் போட்டாள். பிறகு ஸ்ட்ரெச்சரின் தலைப்பக்கத்தைப் பிடித்துத் தள்ளிக்கொண்டு கதவு வரைக்கும் வந்தாள்.

முதுகில் ஊசி போட்டார்கள். இடுப்புக்குக் கீழே நானே இல்லாமல் போனேன். உள்ளே கொசுவலை மாதிரி ஒரு வலையை வைத்துத் தைத்திருப்பதாகவும், இனி குடல் வெளியே வர வழியில்லை என்றும் டாக்டர் பிறகு சொன்னார். வார்டுக்குத் திரும்பியபோது அவள் கட்டிலில் விரிப்பை மாற்றிப் போட்டு வைத்திருந்தாள்.

சாயங்காலம் மரத்துப்போனது தெளிந்ததும் வலி வந்தது. வலியோடு இருமலும் வந்தது. வயிறு தைத்தவளுக்கு இருமல் வருவதைவிடக் கொடுமை வேறு கிடையாது. ஒவ்வொரு இருமலுக்கும் அத்தனை தையலும் தெறித்துவிடும் போல இருக்கும். நர்ஸ் சொல்லிக் கொடுத்தபடி அவள் தன் உள்ளங்கையைக் கட்டின் மேல் பரப்பி அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.

"இப்ப இருமுங்கக்கா. நான் புடிச்சிக்கினு கீறேன்."

அந்த இரண்டு நாளும் இருமல் வரும்போதெல்லாம், எதிர்க் கட்டிலுக்குத் தண்ணீர் கொடுக்கப் போயிருந்தாலும், மாமியாருக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தாலும் போட்டது போட்டபடி வந்து பிடித்தாள். நடுவில் ஒரு தடவை, "என் கதை எல்லாம் ஒங்களுக்குத் தெரியும், ஒங்க கதை ஒண்ணுகூட எனக்குத் தெரியாது, சொல்லுங்க" என்றாள். எங்கே ஆரம்பிப்பது என்று எனக்குத் தெரியவில்லை. கேட்டே பழகியவள், சொல்லிப் பழக்கமில்லை. அம்மா கட்டிலுக்கு அடியில் தலையை இடித்துக்கொண்டதைச் சொன்னேன். அதை மட்டும்தான் சொன்னேன். இரண்டு பேரும் சிரிக்கப் பார்த்து, தையலுக்குப் பயந்து நிறுத்திக்கொண்டோம்.

மூன்றாம் நாள் மத்தியானம் அவள் மருந்து வாங்கக் கீழே போயிருந்த நேரம் அண்ணன் வந்தான். சட்டைக் கையில் காய்ந்த சிமென்ட். கையில் பிரெட் பாக்கெட், நாலு ஆப்பிள். வாசலில் நர்ஸ் மடக்கினாள்.

"யாருங்க நீங்க?"

"அண்ணன்."

"கூட ஆள் தங்கச்சி இருக்காங்களே. பாத்துட்டு ஒடனே வெளிய போயிடணும்."

அவன் குழம்பிப்போய் என்னிடம் வந்தான். "கான்கிரீட் போட்டுக்கினு இருந்தாங்க பாப்பா, பாதில வுட்டுட்டு வர முடியல. ஓனரு வுடல" என்றான். நான் தலையை ஆட்டினேன். நின்று யோசித்தான். "நர்ஸம்மா தங்கச்சின்னாங்களே. ஏது தங்கச்சி? அம்மாவுக்கு நீயும் நானும் ரெண்டு பேர்தானே?"

"ரெண்டு பேர்தான்" என்றேன். "ஆபரேஷன் ஆயிடிச்சிண்ணா. நீ போய்ட்டு வா."

அவன் கண் கலங்கியது. கெட்டவன் இல்லை. எனக்கு அவன் மேல் கோபம் வரும் என்று நினைத்திருந்தேன், வரவில்லை. கோபப்படுவதற்குக்கூட கொஞ்சம் நெருக்கம் வேண்டியிருக்கிறது. பூத்துக்கு வந்து நம்பர் கேட்டுவிட்டுப் போகிற யாரையோ பார்ப்பது போல அவனைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பிரெட்டையும் ஆப்பிளையும் என் கால் பக்கம் வைத்துவிட்டு, திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனான்.

அவள் மருந்தோடு வந்தாள். பிரெட் பாக்கெட்டைப் பார்த்தாள்.

"யாருக்கா வந்துட்டுப் போனது?"

"தெரிஞ்சவங்க" என்றேன்.

சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்பது எனக்கே கேட்டது. உடம்பு குலுங்கியது. இருமல் என்று நினைத்து அவள் ஓடி வந்து கட்டின் மேல் கையை வைத்து அழுத்தினாள். பிறகு என் முகத்தைப் பார்த்தாள்.

"அழுவாதீங்கக்கா, தையல் பிச்சிக்கும்" என்றாள்.

நான் அழாமல் இருக்கப் பார்த்தேன். அவள் கையை எடுக்கவில்லை. மறுநாள் காலையில் போகலாம் என்று அவள் மாமியாருக்கு டிஸ்சார்ஜ் எழுதியிருந்தார்கள். அது எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும்.